நாலு மணிக் கோபம்

பேதுருவின் கையில் நான்கு விரல்களின் தடம் கன்றிக் கிடந்ததை முதலில் கண்டவன் அவருடைய மகன் டொமினிக். காலையில் தகப்பனுக்குச் சேட்டு மாட்டிவிடும்போது கண்டான். இது என்ன என்று மனைவி அன்ரோனெற்றைக் கேட்டான். கதவில் அடிபட்டிருக்கும் என்று அவள் சொன்னாள். பேதுருவுக்கு எண்பத்தொரு வயது. முதல்நாள் நடந்தது எதுவும் அவருக்கு நினைவில் நிற்பதில்லை. அதனால் அந்தப் பொய் அப்படியே நின்றுவிட்டது.

பேசாலையில் அவர்களுடைய வளவு கடற்கரைக்குக் கிட்ட இருந்தது. டொமினிக் கடல் தொழிலுக்குப் போவான். அன்ரோனெற் வளவில் பரண் கட்டிக் கருவாடு காயவைப்பாள், மாமனாரையும் பார்த்துக்கொள்வாள். நாளின் பெரும்பகுதி அவர் தொந்தரவில்லாத மனிதர். கதிரையில் இருந்து றேடியோ கேட்பார், கொடுத்ததைச் சாப்பிடுவார், செபமாலை உருட்டுவார். பின்னேரம் நாலு மணியானால் ஆள் மாறிவிடும். எழுந்து வளவெல்லாம் தேடுவார். தன்னுடைய வலையைக் காணவில்லை என்பார். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் இடம்பெயர்ந்தபோது விட்டுப்போன வலை அது. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, வலையும் இல்லை. அதையெல்லாம் அவர் மறந்துபோனார். வலை இருந்தது மட்டும் நினைவிருந்தது.

"என்ர வலையை இவள் கீரிக்கு அனுப்பிப்போட்டாள்" என்று ஒழுங்கையில் போகிறவர்களுக்கும் கேட்கச் சொல்லுவார்.

கீரி அன்ரோனெற் பிறந்த ஊர். தன்னைச் சொன்னால் அவள் பொறுத்துக்கொள்வாள். தாய்வீட்டைக் கள்ளர் வீடென்று ஊர் கேட்கச் சொல்வதை அவளால் பொறுக்க முடியவில்லை. அதுவும், காய்ந்த மீனைப் பனி படுமுன் அள்ளிக் கட்டவேண்டிய நேரம் பார்த்து. ஒருநாள் அவர் பரணைச் சாய்த்துவிட்டு, மணலில் கொட்டுண்ட மீனை மிதித்துக்கொண்டு நின்றார். அவள் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்து கதிரையில் இருத்தினாள். இருத்திய பிறகும் பிடியை விடவில்லை. அவர் "நோகுது பிள்ளை" என்று சொன்ன பிறகுதான் விட்டாள்.

மறுகிழமை மன்னார் ஆசுப்பத்திரியில் அவருக்குக் கிளினிக். பிறசர் பார்க்கச் சேட்டுக் கையைச் சுருட்டிய தாதியின் பெயர் தவமலர். தீவுக்கு வெளியே, பெருநிலப்பரப்பில் அடம்பன் பக்கத்து ஆள். அன்ரோனெற்றின் வயதுதான் இருக்கும். மஞ்சளாகிக்கொண்டிருந்த தடத்தைப் பார்த்தாள். தன் விரல்களை அதன்மேல் முட்டாமல் விரித்துப் பார்த்தாள். பிறகு கிழவரை வெளியே வாங்கில் இருத்திவிட்டு வந்து கதவைச் சாத்தினாள். அவள் கேட்குமுன்னமே அன்ரோனெற் சொல்லிவிட்டாள்.

"நான்தான் மிஸ். எனக்குத் திடீரெண்டு கோபம் வந்திட்டுது."

அது எத்தனை மணிக்கு என்று தவமலர் கேட்டாள். நாலு மணி. அதற்கு முதல்நாள் கோபம் வரவில்லையா? வந்தது, அன்றைக்கும் நாலு மணி. அதற்கு முதல்நாளும் அப்படித்தான்.

"அப்ப நாளைக்கு?"

அன்ரோனெற் கொஞ்சம் யோசித்தாள். "நாளைக்கும் நாலு மணிக்குத்தான் வரும்."

"அப்பிடியெண்டா அது திடீர்க் கோபமில்லை. வாற நேரம் உங்களுக்கே தெரியுது."

கோபத்தை அடக்கச் சொல்லித் தவமலர் சொல்லவில்லை. நாலுக்குக் கால்மணி இருக்கையில் வேலையை விட்டுவிட்டு ஓரிடத்தில் இருக்கவேண்டும். உள்ளங்கால் நிலத்தில் படுவதையும் மூச்சு போய் வருவதையும் கவனிக்கவேண்டும். கோபம் உடம்பில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று பார்த்து, அடுத்தமுறை வந்து சொல்லவேண்டும். அவ்வளவுதான். கையில் கண்ட தடத்தைக் கிளினிக் அட்டையில் எழுதியாயிற்று, இன்னொன்று கண்டால் மேலிடத்துக்கு அறிவிக்கவேண்டி வரும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள்.

இதுவும் ஒரு மருந்தா என்று பஸ்ஸில் வரும்போது அன்ரோனெற் நினைத்தாள். ஆனாலும் அட்டைக்குப் பயந்து அடுத்தநாளே முருங்கை மரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டு இருந்தாள். முதலிரண்டு நாளும் மனம் மீனிலும் காகத்திலும் ஓடியது. மூன்றாம் நாள் ஒன்றைக் கண்டாள். மாமனார் இன்னும் கதிரையில்தான் இருந்தார். வாயே திறக்கவில்லை. அவளுடைய வலது தோள் மட்டும் காதுக்குக் கிட்ட ஏறியிருந்தது, பற்கள் கடிபட்டிருந்தன. அவர் இன்னும் சொல்லாத சொல்லுக்கு அவள் உள்ளுக்குள் மறுமொழி சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு நாளும் சண்டையைத் தொடக்குவது அவரில்லை என்பது அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

அதற்காக எல்லாம் சரிவந்துவிடவில்லை. ஐந்தாம் நாள் மழை இருட்டிக்கொண்டு வந்தது. மரத்தடியில் இருப்பதற்கு நேரமில்லை. அவர் கீரியைப் பேச்சில் இழுத்ததும் தொண்டை நோகக் கத்தினாள். கை நீளப் பார்த்ததை உணர்ந்து, கிணற்றடிக்குப் போய் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு நின்றாள். கை நடுங்கியது. நடுங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். செபமாலையின் பத்து மணிகளை உருட்டிச் செபம் சொல்லும் நேரத்துக்குள் அது நின்றது. இவ்வளவு கெதியில் அடங்குமென்று அவளுக்கு அதுவரை தெரியாது.

அன்று சாப்பாடு போடும்போது டொமினிக்கிடம் உண்மையைச் சொன்னாள், கிளினிக்கில் மிஸ் தடத்தைக் கண்டதையும் சொன்னாள். அவன் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தான். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டான். வெட்கம் என்றாள். கடலுக்குப் போகாத நாட்களில் நாலு மணிக்குத் தகப்பனோடு தான் நிற்பதாகச் சொன்னான். சொன்னபடி அடுத்தநாள் நின்றான். அரைமணித்தியாலத்துக்குள் அவனே தகப்பனைப் பார்த்து ஒரு சத்தம் போட்டான். போட்டுவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, அந்த மிஸ் என்ன செய்யச் சொன்னவ என்று மெதுவாகக் கேட்டான்.

பெரிய சோதனை அன்ரோனெற்றின் தமையன் சந்தியோகு வந்தபோது வந்தது. கீரியிலிருந்து சும்மா பார்த்துப்போக வந்த மனிதர், முற்றத்தில் நின்று கதைத்துக்கொண்டிருந்தார். மணி நாலு. பேதுரு கதிரையை விட்டு எழும்பி, வலையைக் கீரியார் கொண்டுபோன கதையைத் தொடங்கினார். சந்தியோகுவின் முகம் கறுத்தது. ஆரைக் கள்ளரென்று சொல்லுகிறீர் என்று முன்னுக்கு வந்தார்.

அன்ரோனெற்றின் தோள் ஏறியது. காது சுட்டது. தமையன் நிற்கிறார் என்பதால் கோபம் மற்ற நாளைவிடக் கூடத்தான் வந்தது. உள்ளங்கால் மணலில் புதைவதைக் கவனித்தாள். ஒரு மூச்சு போய் வருமட்டும் நின்றாள்.

"அண்ணை, நில்லுங்கோ. இது நாலு மணிக் கதை. அஞ்சரைக்கு முடிஞ்சிடும்."

"உனக்குக் கோபம் வரேல்லையா?"

"வந்து நிக்குது. நிக்கட்டும்."

மாமனாரின் பக்கம் போய், "வாங்கோ மாமா, தேடிப் பாப்பம்" என்றாள். இரண்டு பேருமாக வேலி ஓரமும் கொட்டிலடியும் தேடினார்கள். சந்தியோகு முற்றத்திலிருந்து இருவரையும் பார்த்தார். வெயில் இறங்குவதைக் கண்டு, சேட்டுக் கையை மடித்துவிட்டுப் பரணில் கிடந்த மீனை அள்ளத் தொடங்கினார்.

அஞ்சரைக்கு முன்னமே பேதுரு களைத்துப்போய் வந்து கதிரையில் இருந்தார். கருவாடு கட்டிக்கொண்டிருந்த மனிதரை உற்றுப் பார்த்தார்.

"வந்தவருக்குத் தேத்தண்ணி குடுத்தனியோ பிள்ளை?" என்று கேட்டார்.

அன்ரோனெற் குசினிக்குப் போய் மூன்று பேருக்கும் கேத்தல் வைத்தாள். கோபம் முழுதாகப் போய்விடவில்லை, தண்ணீர் கொதிக்கும்வரை அவளோடுதான் நின்றது.