கேட்டால் கொடுக்க வேண்டும்

"போனைக் குடு, மாரெத்தா," என்றார் தெபானோ. "புபுசியாத்தான் கேக்கறேன்."

அந்த வார்த்தை விழுந்ததும் பாய் முடைந்துகொண்டிருந்த மாமியாரின் கை நின்றது. வேலியோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்களும் இந்தப் பக்கம் திரும்பினார்கள். தராவாத் தீவில் சொந்தக்காரன் புபுசி என்று கேட்டுவிட்டால் இல்லையென்று சொல்லக்கூடாது. சொன்னவர்களுக்கு அப்புறம் ஊரில் முகம் கிடையாது. இல்லாதவன் பசியாற வந்த வழக்கம்தான். ஆனால் தெபானோ இல்லாதவர் அல்ல. கப்பலுக்கு ஆள் பிடித்து அனுப்பும் ஏஜென்ட்; மாரெத்தாவின் தாய்மாமன் வேறு. அவர் வந்து இறங்கிய மோட்டார் சைக்கிள்கூட அவள் புருஷன் ருவாத்துவுடையது. போன வருஷம் இப்படித்தான் கேட்டு வாங்கிப்போனார்.

மாரெத்தா போனை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். ருவாத்து வேலைக்குப் போன கப்பல் அதில்தான் இருந்தது, கடல் படத்தின் மேல் ஒரு பச்சை அம்பாக. தினமும் சோறு வைக்குமுன் அதைப் பார்த்துவிடுவாள். நடுவில் ஒரு வாரம் அம்பு காணாமல் போயிற்று. கப்பல் இருக்குமிடம் காட்டும் கருவியைக் கப்பல்காரர்களே அணைத்துவைத்திருந்தார்கள். அம்பு திரும்பி வந்தபோது ருவாத்து எழுதுவது வேறு மாதிரி ஆகியிருந்தது. ஒப்பந்தம் முடிந்தும் இறக்கிவிட மாட்டேன் என்கிறார்கள். குடிதண்ணீர் துருவாக வருகிறது. காலில் பட்ட காயம் கறுத்துவிட்டது, மருந்து இல்லை. நேற்று வந்தது இவ்வளவுதான்: 'கால் வாடை அடிக்குது. யார்கிட்டயாவது சொல்லு.'

கப்பல் இப்போது ஆஸ்திரேலியாவில் ஒரு துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றிக்கொண்டிருந்தது. பொழுது சாய்ந்தால் கிளம்பிவிடும். மாரெத்தா போய் முறையிட, ஊர்ப் பாதிரியார் சொல்லியனுப்பியதைக் கேட்டு, மாலுமிகள் சங்கத்துக் கிளெண்டா காலையில் கப்பலேறி விசாரித்தாள். கேப்டன் பக்கத்தில் நிற்க, ஒரு குறையுமில்லை என்றார்களாம் மாலுமிகள் எல்லோரும். ருவாத்துவைக் கண்ணிலேயே காட்டவில்லை. வீட்டு ஆள் வாய்விட்டுப் புகார் சொன்னால் கப்பலை நிறுத்த வழியுண்டு, மதியம் கூப்பிடுகிறேன் என்று செய்தி அனுப்பியிருந்தாள்.

"அம்பு நகருதுல்ல? அப்புறம் என்ன பயம்?" என்றார் தெபானோ.

"பொணத்த ஏத்திக்கிட்டுப் போனாலும் அம்பு நகரும், மாமா."

"நீ இன்னிக்கு வாயத் தொறந்தா, நாளைக்கு இந்த ஊர்ப் பசங்க ஒருத்தனுக்கும் கப்பல் கெடையாது." வேலியோரம் வரைக்கும் கேட்கும்படி சொன்னார். அந்தப் பெண்களின் பிள்ளைகளும் கப்பலில்தான் இருந்தார்கள்.

"குடுத்துடு, புள்ள," என்றாள் ஒருத்தி.

மாமியாரும் தலை நிமிராமல், "கேட்டுட்டாருல்ல. குடுத்துடு," என்றாள். கப்பலில் கிடப்பவன் அவள் பெற்ற பிள்ளைதான். இருந்தாலும் வழக்கத்தை மீறிப் பேச அவளுக்கு நா எழவில்லை.

மாரெத்தா கொடுத்துவிட்டாள்.

"இப்ப நான் ஒண்ணு கேக்கறேன், மாமா. புபுசி."

தெபானோ சிரித்தார். "கேளு, கேளு. பன்னி வேணுமா?"

அவர் கையில் போன் அடித்தது. திரையில் கிளெண்டாவின் பெயர்.

"அத எடுத்துப் பேசுங்க. ருவாத்து எழுதினத அப்படியே படிச்சுச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

சிரிப்பு முகத்திலேயே உறைந்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் வேலிப் பக்கம் பார்த்தார், மாரெத்தாவைப் பார்த்தார்.

"அது... அது முடியாது," என்று வாயை விட்டுவிட்டார்.

மாமியார் பாயை விட்டு எழுந்து வந்தாள். அவர் கையிலிருந்த போனைப் பிடுங்கி மருமகள் கையில் வைத்தாள்.

"முடியாதுன்னு சொல்லலாம் போலருக்கே," என்றாள். "இத்தன வருஷமாத் தெரியாமப் போச்சு."

மாரெத்தா பேசினாள். கப்பல் பெயரைச் சொன்னாள், புருஷன் பெயரைச் சொன்னாள், கால் கறுத்ததைச் சொன்னாள்.

"கடைசியா எப்ப எழுதுனாரு?" என்று கேட்டாள் கிளெண்டா.

"நேத்து."

"இன்னிக்கு ஒண்ணும் வரலியா?"

"இல்ல."

"நான் கப்பலுக்குப் போறேன். போலீஸையும் கூட்டிக்கிட்டுப் போறேன்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

வேலியோரத்துப் பெண்கள் ஈரத் துணியை அப்படியே அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். போகும்போது ஒருத்தியும் மாரெத்தாவிடம் முகம் கொடுக்கவில்லை. தெபானோ மோட்டார் சைக்கிளை நோக்கி நடந்தார்.

"தெபானோ," என்றாள் மாமியார். "வண்டிய வச்சுட்டுப் போ. எம் மவன் வந்தா ஓட்டணும்."

"இது புபுசியா?"

"இல்ல," என்றாள் அவள். "அது அவனுது. அதான் கேக்கறேன்."