அன்னாரின் திருக்கரங்கள்

அச்சகத்தில் தட்டச்சு செய்யும் அக்காவுக்கு அன்று வேலை போவதாக இருந்தது. காரணம், சிவப்பு மை.

பேருந்து நிலையத்தில் கட்டிய புதுக் கழிப்பறைக்குத் திறப்பு விழா. நகராட்சித் தலைவர் அழைப்பிதழைத் தம் கைப்படவே எழுதிக் கொடுத்திருந்தார். மூன்று நாளாக அக்கா அதை அடித்து மேசையில் வைப்பதும், சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் யாரோ அதில் சிவப்பு மையால் விளையாடிவிடுவதும் வாடிக்கையாகிவிட்டது. ‘ஒப்பற்ற சூரியன்’ என்பதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, ஓரத்தில் ‘ஏற்கெனவே ஒன்று இருக்கிறது’. ‘நடமாடும் பல்கலைக்கழகம்’ என்ற இடத்தில், ‘விடுமுறை உண்டா?’

“கிண்டலா? உன்னைத் தவிர இங்க யாரு இருக்கா?” என்றார் முதலாளி. “இன்னைக்கும் சிவப்பு இருந்துச்சுன்னா, நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்.”

“சத்தியமா நான் இல்லண்ணே. கையெழுத்தைப் பாருங்க. நம்ம ஒற்று ஐயா எழுத்து.”

ஒற்று ஐயா அந்த அச்சகத்தின் பிழை திருத்துநர். ஒரு ‘க்’ விடுபட்டிருந்தால் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. போன வருடம் செத்துப் போனார் என்பதைத் தவிர, அவரைச் சந்தேகிக்க எந்தத் தடையும் இல்லை.

“செத்தவரு மேல பழி போடாதே, பாவம்.”

“சரிண்ணே. பூட்டிச் சாவியை நீங்களே வச்சுக்கங்க. ரெண்டு பேரும் வாசல்ல உக்காந்தே சாப்பிடுவோம்.”

அப்படியே செய்தார்கள். சாப்பாட்டு டப்பாவை மூடும் நேரத்தில் ஒரு கார் வந்து நின்றது. முதலில் தொப்பை இறங்கியது, பிறகு தலைவர்.

“ரெடியா?”

முதலாளி கதவைத் திறந்தார். காகிதத்தில் பட்டங்கள் எல்லாம் பறிபோய், தலைவர் வெறும் ஆளாக நின்றார். மை இன்னும் காயவில்லை. ‘அன்னாரின் திருக்கரங்களால்’ என்ற வரியில், முதல் சொல்லைச் சுற்றி ஒரு வட்டம்.

“யாருய்யா இதுல கை வச்சது? மரியாதையா இருக்கட்டும்னு நானே தேடிப் பிடிச்சுப் போட்ட வார்த்தை!”

அக்கா ஓரக் குறிப்பைச் சத்தமாகப் படித்தாள்: “இரங்கல் நோட்டீஸில் வரும் சொல். அன்னார் நான்தான். தாங்கள் இப்போதைக்கு இல்லை.”

தலைவர் தம் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “இப்போதைக்குன்னா?” என்ற குரலில் சூரியன் அஸ்தமித்திருந்தது. “யாரும்மா எழுதினது?”

“போன வருஷம் தவறிட்டாருங்க,” என்றார் முதலாளி.

“அவரு திருத்தினபடியே அடிச்சிருங்க. ஒரு எழுத்து மாறக் கூடாது,” என்று சொல்லும்போதே தலைவர் காருக்குள் இருந்தார்.

முதலாளிக்கு உள்ளே போகக் கால் வரவில்லை. “நீ இல்லாம இனிமே நான் இந்தக் கதவைத் திறக்க மாட்டேம்மா. பத்து மணிக்கு மேல வந்தாலும் பரவாயில்ல, வந்துரு.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “என் பொண்ணு கல்யாணப் பத்திரிகை அவசரம். அதை முதல்ல பாத்துத் தருவாரான்னு கொஞ்சம் கேளேன்.”

“கேக்கறேண்ணே,” என்றாள் அக்கா. “ஆனா நீங்க எழுதினதுதானே? சிவப்பு மை ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வந்துருங்க.”