காத்திருந்த நாளும் கணக்கில்தான்

காலை பத்தரை மணிக்குக் கணவனிடமிருந்து போன் வந்தால் என்னவோ ஏதோ என்றுதான் அவள் எடுப்பாள். அந்த நேரத்தில் அவன் வேறொரு ஊரில், ஏதாவதொரு குளிர்பதன அறைக்குள் கையுறை மாட்டிக்கொண்டு மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க வேண்டியவன்.

"மகாராணி! மாற்றல் கிடைச்சிடுச்சு!" என்று கத்தினான். "ஒரு மணி நேரம் முன்னாடி மெசேஜ் வந்தது. அம்மாகிட்ட சொல்லிட்டேன். வீட்டு ஓனர்கிட்டயும் சொல்லிட்டேன், மாசக் கடைசியில ரூமைக் காலி பண்றேன்னு. மனுஷன் அதுக்குள்ள அடுத்த ஆளைப் பிடிச்சு அட்வான்ஸ் வாங்கிட்டாரு!"

துள்ளிக் குதித்திருக்க வேண்டியவள், திரையைப் பார்த்தபடி சிலையாக உட்கார்ந்திருந்தாள். அந்த மெசேஜை அனுப்பியது யார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவளேதான்.

கணவனும் மனைவியும் ஒரே கம்பெனி. பல ஊர்களில் குளிர்பதனக் கிடங்குகள் வைத்திருக்கும் கம்பெனி. அவன் மெக்கானிக், அவள் தலைமை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவு. லீவு, முன்பணம், மாற்றல் என்று யார் எதற்கு விண்ணப்பித்தாலும், அது கம்ப்யூட்டருக்குள்ளேயே மேஜை மேஜையாக நடந்து போகும். அந்த வழியைப் போட்டுக் கொடுப்பது அவள் வேலை.

மாற்றல் விண்ணப்பத்துக்குப் பழைய வழி இது: முதலில் கிளைத் தலைவரின் சம்மதம். பிறகு, அதே இடத்தைச் சீனியர் யாராவது கேட்கிறார்களா என்று பார்க்க இரண்டு மாதக் காத்திருப்பு. கடைசியில் மண்டல மேலாளரின் கையெழுத்து. போன மாதம் மண்டல மேலாளர் என்ற பதவியையே எடுத்துவிட்டார்கள். அவர் இல்லாத, காத்திருப்பு முடிந்ததும் தானே அங்கீகரித்துவிடும் புது வழி ஒன்றை அவள் போட்டுவிட்டாள். புதிதாக வருகிற விண்ணப்பங்களுக்குச் சிக்கல் இல்லை. சிக்கலெல்லாம் ஏற்கெனவே பாதி வழியில் காத்திருப்பவற்றுக்குத்தான். அப்படியே விட்டால், காத்திருப்பு முடிந்ததும் ஆளே இல்லாத மேஜைக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். அவற்றை நடுவழியில் தூக்கிப் புது வழியில் இறக்கிவிட வேண்டும். அவள் கணவனின் விண்ணப்பமும் அந்தக் கூட்டத்தில் ஒன்று.

சோதனைக்காக முழு அமைப்புக்கும் ஒரு நகல் எடுத்து, காத்திருந்த விண்ணப்பங்களை எல்லாம் அதில் புது வழிக்கு மாற்றி, நகலின் கடிகாரத்தை இரண்டு மாதம் முன்னே தள்ளிப் பார்த்தாள். ஒன்று விடாமல் சரியாகப் போய்ச் சேர்ந்தன. சந்தோஷமாக எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தாள். ஒன்றை மட்டும் மறந்திருந்தாள்: நகலின் வாயைக் கட்டவில்லை. அது தன்னையே நிஜம் என்று நம்பி, காத்திருந்த எல்லோருடைய போனுக்கும் 'உங்கள் மாற்றல் அங்கீகரிக்கப்பட்டது' என்று அனுப்பி வைத்துவிட்டது.

"என்னங்க... அது நிஜமில்லை. நான் பண்ணின சோதனை."



"ஃப்ரிட்ஜை வேற பக்கத்து ரூம்காரனுக்குத் தூக்கிக் கொடுத்துட்டேனே!" என்றான் அவன்.

எதற்கெடுத்தாலும் 'நிறுத்துங்க, பார்க்கலாம்' என்பதால் அவளுடைய அதிகாரிக்கு ஆபீசில் பிரேக் சார் என்று பெயர். அன்றைக்கு அவர் திட்டவில்லை. முதல் வேலையாக எல்லோருக்கும் வருத்தம் தெரிவித்து மெசேஜ் அனுப்ப வைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இனிமே புத்திசாலித்தனமே வேண்டாம்மா. அப்படியே தூக்கிப் புது வழியில வச்சிடலாம்."

"அப்படி வச்சா காத்திருப்பு முதல்லேருந்து ஆரம்பிச்சிடும் சார். எல்லாருக்கும் இன்னும் ரெண்டு மாசம்."

"பழைய வழியில விட்டா கதியே இல்லை. அதுக்கு இன்னும் ரெண்டு மாசம் காத்திருக்கறது மேல்தானே?"

"அவங்க காத்திருக்க ஆரம்பிச்ச தேதியையும் கூடவே எடுத்துட்டுப் போகலாம் சார். மிச்ச நாளை மட்டும் காத்திருந்தாப் போதும். சோதனையில அது சரியாத்தான் நடந்தது."

"சோதனையில நடந்ததுதான் ஊருக்கே தெரியுமே!"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் விடவில்லை. "கிடைச்சிடுச்சுன்னு ஒருதடவை ஏமாத்தியாச்சு. இப்ப காத்திருந்ததெல்லாம் செல்லாதுன்னு இன்னொரு தடவையா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க வீட்டுக்காரர் இதுல இருக்காரா?"

"இருக்கார் சார். அவருக்கு ஒரு வாரம்தான் பாக்கி. அதனாலதான் சொல்றேன், நான் எழுதித் தரேன், நீங்க பார்த்துட்டு நீங்களே பட்டனை அமுக்குங்க. அவரோடதைக் கடைசியா எடுங்க. நடுவுல ஏதாவது கோணலாப் போனா அங்கேயே நிறுத்திடுங்க."

"நிறுத்தினா அவர் மாட்டிக்குவாரே. கோபம் வராதா?"

"வரும் சார். ரூமும் போச்சு, ஃப்ரிட்ஜும் போச்சு."

பிரேக் சார் சிரித்தார். ஆபீசில் அவர் பல்லைப் பார்த்தவர்கள் குறைவு. "சரி, எழுதுங்க. முதல்ல ஒண்ணே ஒண்ணுதான். நகல் வாயை நான் கட்டறேன்."

வீட்டில் மாமியார் அதற்குள் அலமாரியில் பாதியைக் காலி செய்து, மகனின் சட்டைகளுக்கு ஹேங்கர் வரை மாட்டி வைத்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அப்ப வரலையா அவன்?"

"வருவார் அத்தை. எப்பன்னுதான்..."

"நல்லவேளை, டிவி ரிமோட்டை விட்டுக்கொடுக்கறதா நான் இன்னும் வாக்குக் கொடுக்கலை" என்றாள் மாமியார். ஹேங்கர்களை மட்டும் கழற்றவில்லை. "மாட்டினது மாட்டினதுதான், கிடக்கட்டும்" என்றாள். அந்த வெற்று ஹேங்கர்களைப் பார்த்தபோதுதான் மருமகளுக்குக் கண் கலங்கியது.

மறுநாள் காலை பிரேக் சார் முதலில் ஒரு டிரைவரின் விண்ணப்பத்தை நகர்த்தினார். மிச்ச நாள் சரியாகக் காட்டியது. அப்படியும் நம்பாமல், அந்த டிரைவருக்கே போன் போட்டு, "நீங்க எப்ப விண்ணப்பிச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டார். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். கடைசியாக ஒன்று மிஞ்சியது. அவள் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"திரும்பலாம்மா" என்றார் அவர். "ஒரு வாரம்னு காட்டுது. பெட்டியைக் கட்டச் சொல்லுங்க. மெசேஜ் வர்ற வரைக்கும் பூட்ட வேண்டாம்."

ஒரு வாரம் கழித்து, அதே பத்தரை மணிக்குப் போன்.

"மெசேஜ் வந்திருக்கு" என்றான் கணவன் ரகசியம் பேசுகிற குரலில். "இது ஆபீஸா, மகாராணியா?"

"இருங்க." திரையை இரண்டு முறை பார்த்தாள். பிரேக் சாரைக் கூப்பிட்டாள். அவரும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்து, தலையாட்டினார்.

"நிஜம்தாங்க."

"சத்தியமா?"

"சத்தியமா! கிளம்பி வாங்க."

"ஃப்ரிட்ஜைத் தூக்கிக் கொடுத்தப்பவே நெனச்சேன், நான் தீர்க்கதரிசின்னு" என்றான் அவன். அவள் சிரித்த சிரிப்பில் நாலு மேஜை தள்ளி இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த போன் வீட்டுக்கு.

"அத்தை, மாற்றல் கிடைச்சிடுச்சு. அவர் வரார்."

மாமியார் உடனே நம்பிவிடவில்லை. "பிரேக் சார் பார்த்தாரா?"

"பார்த்துட்டார் அத்தை."

"அப்ப சரி." போனில் அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "வரும்போது ரிமோட்டுக்குப் புது பேட்டரி வாங்கிட்டு வா. அவன்கூடச் சண்டை போடணும்னா அது ஒழுங்கா வேலை செய்யணுமில்ல!"