வண்டிக்குள் கறுக்காத கண்ணாடி

ஐயாவுவின் சைக்கிள் லோரியின் முன்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. ஐயாவு கால்வாய்க்குள் கிடந்தான். சாகவில்லை. முழங்கைத் தோல் உரிந்து, சேறு வழிய எழுந்து நின்று, லோரி ஓட்டிய சன்னாசியின் பரம்பரையையே இழுத்துத் திட்டினான்.

சன்னாசிக்கு எதுவும் காதில் ஏறவில்லை. வெளிக்காட்டிலிருந்து வேலை முடிந்த பெண்களை ஏற்றிக்கொண்டு திரும்பிய எஸ்டேட் லோரி அது. நடு மத்தியானம். சாலை நேராகக் கிடந்தது. இடது ஓரமாக ஐயாவு வந்துகொண்டிருந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேற்பார்வையாளர் மண்டோர் சேது பார்த்தார். பின்னால் நின்ற பெண்கள் பார்த்தார்கள். ஓட்டியவன் மட்டும் பார்க்கவில்லை.

“கண்ணாடி மண்டோரே,” என்றான் சன்னாசி. “வெயில்ல கறுத்துப் போச்சு. செம்பனை மரத்து நெழலுக்குள்ள வந்ததும் ஒன்னும் தெரியல.”

“கலர் மாறுற கண்ணாடியப் போட்டுக்கிட்டு சினிமாக்காரன் மாதிரி திரிஞ்சா இப்படித்தான் லா,” என்றார் சேது. “இன்னிக்கே போயி மாத்து. பின்னால நிக்கிறது பொம்பளைங்க. கட்டை இல்ல.”

“கட்டையா இருந்தா பத்திரமாக் கொண்டு போயிருப்பாரு,” என்று பின்னால் நின்ற பெண்களில் லெட்சுமி மேலிருந்து சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள்.

அவர்கள் சிரித்தது சன்னாசிக்கு நிம்மதியாக இருந்தது. கண்ணாடிதான் காரணம் என்று எல்லாரும் நம்பிவிட்டால் தானும் நம்பிவிடலாம். அவனுடைய அண்ணன் சிவானந்தம் பார்வை மங்கி, முதலில் கதவு நிலையில் இடித்துக்கொண்டான். பிறகு கோப்பைக்கு வெளியே தேநீர் ஊற்றினான். இப்போது கலும்பாங் ஊரில் அவனைக் கக்கூசுக்குக்கூட யாராவது கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டும். அது தொடங்கியபோது அண்ணனுக்கு இருந்த வயதுதான் இப்போது சன்னாசிக்கு. ரத்தத்தில் வருவது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சன்னாசியின் மனைவி அமராவதி இதைப் பற்றி வாயே திறந்ததில்லை. ஆனால் கொஞ்ச நாளாக வீட்டில் நடக்கிற வழியில் முக்காலியோ வாளியோ கிடப்பதில்லை. அவள் ஓரமாக எடுத்து வைத்துவிடுகிறாள். அதை அவன் கவனித்திருந்தான். ஏன் என்று கேட்கப் பயமாக இருந்தது.

கோலசிலாங்கூர் கண்ணாடிக் கடையில் முதலாளி தவுக்கே இல்லை. அங்கே வேலை பார்க்கும் நவமணி மட்டும் இருந்தாள். சன்னாசி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தான்.

“இதக் கழட்டிட்டு வெள்ளைக் கண்ணாடி போட்டுக் குடு தங்கச்சி. கறுத்தா லேசுல வெளுக்க மாட்டேங்குது.”

“அது அப்படித்தாண்ணே. கண்ணாடிக்குள்ள வெள்ளி உப்பு கலந்திருக்கு. வெயில்ல இருக்குற ஒரு கதிர் பட்டா அது கறுக்கும். கறுக்குறது சுருக்கா நடக்கும். வெளுக்கத்தான் நேரம் எடுக்கும். இருந்தாலும் நல்ல சாமான்தான். தோட்டத்துக்கும் ஆபீசுக்கும் மாறி மாறி நடக்குறவங்களுக்கு ரெண்டு கண்ணாடி தூக்க வேண்டியதில்ல. நீங்க என்ன வேல?”

“லோரி ஓட்டுறேன்.”

“அப்ப இது உங்களுக்கு வீண். தவுக்கே சொல்லலியா? அந்தக் கதிர வண்டி முன்கண்ணாடியே தடுத்துரும். உள்ள உக்காந்திருந்தா இது பேருக்குத்தான் கறுக்கும்.”

சன்னாசி விடவில்லை.

“பக்கத்து ஜன்னல் கண்ணாடிய எறக்கி விட்டிருந்தேன்,” என்றான்.

“அப்படின்னா கொஞ்சம் கறுத்திருக்கும்.”

“கொஞ்சமில்ல. ஓரத்துல ஒரு ஆளு வந்தது தெரியல.”

நவமணி ரசீது எழுதுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். ஒரு நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தாள். கண்ணாடி மேசையிலேயே இருந்தது.

“என் மூக்க மட்டும் பாருங்கண்ணே. வேற எங்கயும் பாக்கக் கூடாது. ஓரத்துலேருந்து வெரல் வரும். தெரிஞ்சதும் சொல்லுங்க.”

அவன் பார்த்தான். மூக்கு தெரிந்தது. மூக்குத்தி தெரிந்தது. அதைச் சுற்றிக் கொஞ்சம் முகம். அதற்கப்பால் இருட்டுகூட இல்லை, ஒன்றுமே இல்லை. வெளியே ஒரு பஸ் ஹார்ன் அடித்துப் போனது. சட்டை முதுகில் ஒட்டியது. இவ்வளவு நேரம் ஆகிவிட்டது, விரல் கட்டாயம் வந்திருக்கும்.

“தெரியுது,” என்றான்.

“நான் இன்னும் கையத் தூக்கவே இல்லண்ணே.”

அதற்கப்புறம் அவள் மெதுவாகத்தான் பேசினாள். கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள், தள்ளிப்போட வேண்டாம் என்றாள். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். மாற்றாமலே அதே கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். வெயிலில் அது நன்றாகக் கறுத்தது. கறுத்திருக்கும்வரை எல்லாம் அதனால்தான் என்று தோன்றியது.

மறுநாள் காலை சேது கேட்டார், “என்னடா, சரியாச்சா?”

“ஆச்சு மண்டோரே. கண்ணாடிதான் கோளாறு.”

பெண்கள் ஏறினார்கள். மூடுபனி. லோரி மெல்ல நகர்ந்தது. சன்னாசி தலையை இடமும் வலமும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இடது பக்கம் பார்க்கும்போது வலது பக்கம் காணாமல் போனது. வலது பக்கம் திரும்பினால் இடது பக்கம் போனது. பின்னால் பெண்கள் யாரையோ கேலி செய்து சிரிக்கிற சத்தம் கேட்டது. மரப்பாலத்துக்கு முன்னால் அவன் பிரேக்கை மிதித்தான். மிதித்த காலை எடுக்க முடியவில்லை.

“ஏன் நிறுத்துன? ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல,” என்றார் பக்கத்தில் இருந்த சேது.

“இல்லன்னு நீங்க சொல்றீங்க மண்டோரே,” என்றான் சன்னாசி. “எனக்குத் தெரியல.”

சேது அவன் முகத்தைப் பார்த்தார். கண்ணாடி துளிகூடக் கறுக்கவில்லை. அவர் கையை நீட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். பிறகு இறங்கிப் பின்னால் போய், எல்லாரும் இறங்குங்க என்றார். பெண்கள் ஒவ்வொருத்தியாக இறங்கி, அவன் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பாமல், பாலத்தின் மேல் நடந்து போனார்கள்.