வாத்தா, நிலாவா?

“அதெல்லாம் சரி வயரு, ஆனா அந்தம்மா இப்ப டிரைவிங் ஸ்கூல் நடத்தறாங்கன்னு சொன்னா நம்ம பழைய டேப் குரூப்புல எவனாவது நம்புவானா?”

“நம்பலன்னா போறான் விடுங்க மாமா. போர்டுல அதே பேரு. போன் போட்டுக் கேட்டேன். ‘ஆமா, சின்ன வயசுல கீபோர்டு வாசிச்சேன், சினிமாவுக்கும் போட்டேன், அதுக்கென்ன இப்போ?’ன்னாங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல!”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? ‘எனக்குக் கிளாஸ் இருக்கு, பேசணும்னா கார்ல பின் சீட்டுல ஏறிக்கோ’ன்னுட்டாங்க.”

மாமான்னா வயரோட அக்கா புருஷன். ஸ்டிக்கர், லேபிள், மருந்து டப்பா அட்டை இதெல்லாம் அடிக்கிற சின்ன அச்சகம் வெச்சிருக்கார். அதோட பின்ரூம்ல, பேப்பர் பண்டலுக்கு நடுவுல, ஒரு டேபிள், ரெண்டு ஸ்பீக்கர், ஒரு ரெக்கார்டு பிளேயர். அதுதான் இவங்க ரெண்டு பேரோட கம்பெனி. சிரிக்காதீங்க, நிஜமாவே கம்பெனிதான். எண்பதுகள்ல சினிமாவுக்கு சிந்தசைசர்ல போட்ட பின்னணி இசை இருக்குல்ல, அதுல எங்கயுமே கிடைக்காத டேப்பாத் தேடிப்பிடிச்சு, போட்டவங்ககிட்ட அனுமதி வாங்கி, எல்பி ரெக்கார்டா வெளியிடறாங்க. வயருக்குப் பகல்ல காது மிஷின் கடையில வேலை. வர்றவங்க காதுல மிஷின மாட்டி, ‘இப்ப கேக்குதா, இப்ப கேக்குதா’ன்னு நாள் முழுக்கக் கேட்டுட்டு இருப்பா. கழுத்துல எந்நேரமும் ஹெட்போன் ஒயர் தொங்கும், அதான் அந்தப் பேரு. வீட்டுல வெச்ச பேரு என்னன்னு மாமாவக் கேட்டா அவரே ஒரு நிமிஷம் யோசிப்பார்.

இப்ப ‘கிணத்து நிலா’வுக்கு வருவோம். அது ஒரு எட்டு நிமிஷ டேப். காப்பிக்குக் காப்பி எடுத்து, கை மாறி கை மாறி வந்தது. மேல படத்தோட பேரு மட்டும் பேனாவுல எழுதியிருக்கும். அந்தப் படமோ பாதியில நின்னு போன படம், வெளியவே வரல, ஒருத்தரும் பாத்ததில்ல. பாக்காத படத்துக்குக் கதை கட்டறதுதான ஜாலியே! பேய்ப் படம்னான் ஒருத்தன். ‘இல்லவே இல்ல, நீர்மூழ்கிக் கப்பல் முங்கிப் போற சீனு’ன்னான் இன்னொருத்தன். டும்... டும்னு டிரம் மெஷின் இதயம் மாதிரி அடிச்சுட்டு இருக்கும், அதுக்கு மேல அடிவயித்துலேர்ந்து ‘ம்ம்ம்வூஊஊ’ன்னு ஒரு சத்தம் எழும்பும் பாருங்க, நிலா கிணத்துக்குள்ள விழுந்து மேல வர முடியாமக் கூப்பிடற மாதிரியே இருக்கும். ‘கிணத்து நிலா’ங்கற பேரே கேட்டவங்க அப்படி வெச்சதுதான்.

வயருக்கு அது வெறும் டேப் இல்ல. பத்தாவது படிக்கும்போது, உயிருக்கு உயிரா இருந்த தோழி திடீர்னு பேச்ச நிறுத்திட்டா. ஏன்னு இன்னிவரைக்கும் தெரியாது. அந்த லீவு முழுக்க இவ இதத்தான் கேட்டுட்டுக் கெடந்தா. நம்மள விடத் தனியா ஒண்ணு எங்கயோ உக்காந்து கூப்பிடுதேன்னு ஒரு ஆறுதல். அதனாலதான் கம்பெனி ஆரம்பிச்ச அன்னிக்கே, ‘மாமா, என்னிக்காவது ஒருநாள் நிலாவ வெளியக் கொண்டுவரணும்’னா. அட்டைப் படம்கூட ரெடி, கறுப்புக் கிணறு, உள்ள துளியூண்டு வெள்ளை. போட்டது யாருன்னு மட்டும்தான் தெரியாம இருந்துச்சு. போன வாரம் குரூப்புல ஒருத்தன் பழைய சினிமாப் பத்திரிகையிலேர்ந்து ஒரு போட்டோ போட்டான். ரெண்டு கீபோர்டுக்குப் பின்னாடி ஒல்லியா ஒரு பொண்ணு மொறைச்சுட்டு நிக்குது, கீழ அதே படத்தோட பேரு, பக்கத்துல அவங்க பேரு. இனி அந்தம்மா ‘சரி’ன்னு ஒரு வார்த்தை சொல்லணும். சொல்லிட்டா நிலா வெளிய. சொல்லலன்னா கிணத்தோட கிணறு.

சொன்ன நேரத்துக்கு வயர் போய் நின்னா. அந்தம்மா இப்ப ஒல்லி இல்ல, மொறைப்பு மட்டும் அப்படியே இருக்கு. டிரைவர் சீட்டுல ஒரு பல் டாக்டர், கார் கத்துக்கறவர். மனுஷன் ஸ்டியரிங்கப் புடிச்ச புடியில அது பிஞ்சு கையோட வந்துடும் போலிருந்துது.

“ஏறும்மா. பெல்ட் போட்டுக்கோ. இவர் ஓட்டற ஓட்டுக்கு ரெண்டு பெல்ட்டு போட்டாலும் தகும்.”

“மேடம், நான் இன்னிக்குக் கொஞ்சம் பரவால்ல மேடம்,”னார் டாக்டர் பாவமா.

“நேத்தும் இதேதான் சொன்னீங்க, அப்புறம் பால்காரர் சைக்கிள விட்டுட்டு ஓடினார். கிளட்ச்சு டாக்டர், கிளட்ச்சு! அது பல் இல்ல, புடுங்கிடாதீங்க, மெதுவா!”

கார் ரெண்டு தடவ குதிச்சு நகந்துச்சு. வயர் பின் சீட்டுலேர்ந்து மூச்சு விடாமப் பேசினா. குரூப்பு, டேப்பு, எல்பி, அட்டைப் படம், எல்லாத்தையும் கொட்டிட்டா. அந்தம்மா கண்ண ரோட்டுல வெச்சுக்கிட்டே கேட்டாங்க. “சரி சரி, போடு பாக்கலாம். என்னத்தப் போட்டேன்னே மறந்துபோச்சு.”

வயர் போன கார் ஸ்பீக்கர்ல கோத்தா. டும்... டும்... ம்ம்ம்வூஊஊ.

அந்தம்மா முகத்துல ஒரு மண்ணும் இல்ல.

“என்னம்மா இது? யாரு செத்தா?”

“மேடம், இது... உங்களோடதுதான...”

“நான் இப்படி ஒண்ணு போட்டதே இல்லையே. ஆள மாத்தி வந்துட்ட போல.”

இத்தன வருஷம் தேடி, கடைசியில வேற ஆளா? வயர் போன நிறுத்தலாம்னு கைய நீட்டறா, அந்தம்மா தடுத்துட்டாங்க. “இரு இரு.” அவங்க வெரலு தானாவே டேஷ்போர்டுல தாளம் போட ஆரம்பிச்சுது. பாட்டோட சேந்து போடல, பாட்டு ஒரு அடி வெக்கறதுக்குள்ள வெரலு ரெண்டு அடி வெக்குது.

“இத அப்படியே ரெட்ட வேகத்துல போட முடியுமா? சத்தமும் சேந்து மேல ஏறணும்.”

அதுக்கான ஆப் வயர்கிட்ட இருக்காதா என்ன! ரெண்டு தட்டு தட்டினா. அவ்வளவுதான், டும்டும் டும்டும், டிக்கிடிக்கி டிக்கிடிக்கின்னு டிரம் மெஷின் குதிக்குது, கீபோர்டு துள்ளுது, அந்த ‘ம்ம்ம்வூஊஊ’ இருக்கே அது...

“க்வாக்!”

“என்னோட வாத்து!”ன்னு அந்தம்மா சீட்டுல எகிறிக் குதிச்சாங்க. “அய்யோ என் வாத்து! பேக்கரி வேன் கவுந்து, வாத்துக் கூட்டம் தெறிச்சு ஓடுது, ஹீரோ பின்னாடி தொரத்தறான். காமெடி சீனும்மா அது! டாக்டர், எங்க போறீங்க, பிரேக்கு, பிரேக்கு!”

பாட்டு ஏறின வேகத்துல டாக்டரும் ஏத்திட்டார். கார் ஓரக்கல்லு மேல ஏறி, பூக்கடை வாசல்ல இருந்த தொட்டி ஒண்ணுக்கு லேசா முத்தம் குடுத்துட்டு நின்னுச்சு. நல்லவேளை, அந்தம்மா காலுக்கடியிலயும் ஒரு பிரேக் இருக்கு. பூக்கடைக்காரர் வெளிய வந்து பாத்துட்டு, “இன்னிக்கும் நீங்கதானா?”ன்னு கேட்டுட்டு உள்ள போயிட்டார்.

விஷயம் இதுதான். ஸ்டுடியோவுல இருக்கற பெரிய டேப் மிஷின்ல வேகத்துக்கு ஒரு சுவிட்ச் உண்டு. முழு வேகம், பாதி வேகம். எவனோ ஒரு புண்ணியவான் கேசட்டுக்குக் காப்பி எடுக்கும்போது அத மாத்த மறந்துட்டான். சரியாப் பாதி வேகம்ங்கறதால சுருதி சரியா ஒரு ஸ்தாயி இறங்கிடுச்சு, எங்கயும் பிசிறடிக்கல. யாராவது பாடியிருந்தா, ‘என்னடா பாட்டுக்காரம்மா தூங்கறாங்க’ன்னு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். சிந்தசைசருக்கு ஏது தொண்டை? அது எப்படிக் கத்தினாலும், ‘ஆஹா, புதுசா இருக்கே’ன்னு நாம தலையாட்டிடுவோம். ஊரு காதெல்லாம் சோதிக்கிற வயருக்கே தெரியலன்னா பாத்துக்கோங்க. காதுல வாத்து கத்தினத, நிலா அழுவுதுன்னு நெனச்சு கூடவே அழுதிருக்கா!

“சரி, இப்பத் தெரிஞ்சுபோச்சுல்ல,”ன்னாங்க அந்தம்மா கண்ணத் தொடச்சுக்கிட்டே. சிரிச்சுச் சிரிச்சு வந்த தண்ணி. “ஒழுங்கான வேகத்துல போடு, தாராளமா வெளியிடு. எனக்குச் சந்தோஷம். அந்த எழவு வீட்டுச் சத்தத்த மட்டும் விட்டுடு. என்னடா இவ இப்படி அழுமூஞ்சியா இருந்திருக்காளேன்னு நாலு பேரு நினைப்பாங்க.”

“மேடம், ஆனா எல்லாரும் கேட்டது அதத்தான். நானும்...”

“தப்பாக் கேட்டா அது சரியாயிடுமா?”

வாத்தும் நல்லாத்தான் இருக்கு, காலு சும்மா இருக்க மாட்டேங்குது, அது வேற விஷயம். ஆனா அந்த லீவுல பக்கத்துல உக்காந்திருந்தது வாத்து இல்லையே! அத எப்படி இவங்களுக்குச் சொல்றது? சொன்னா இன்னும் சிரிப்பாங்க. வயர் போன ஸ்பீக்கர்லேர்ந்து கழட்டப் போனா.

அப்பதான் டாக்டர் தொண்டையக் கனைச்சார்.

“மேடம், தப்பா நினைக்கலன்னா அந்த மொதப் பாட்ட மறுபடி போடச் சொல்றீங்களா? அது ஓடும்போது மட்டும்தான் எனக்குக் கால் நடுங்கல.”

“டாக்டர், உங்களுக்குக் கார் ஓட்டப் பாட்டு கேக்குதா?”

“இல்லன்னா நான் இறங்கி நடந்துடறேன் மேடம். நிஜமா.”

அந்தம்மா வயரப் பாத்து தலையாட்டினாங்க. டும்... டும்... வந்துச்சு. டாக்டர் தோள் இறங்குச்சு, புடி தளந்துச்சு. கிளட்ச்ச மெதுவா விட்டார், கார் வெண்ணெய் மாதிரி நகந்துச்சு. மார்க்கெட் ரோடு, பள்ளிக்கூட வளைவு, லாரி நிக்கற சந்து, எங்கயும் ஒரு குலுக்கல் இல்ல. ரெண்டு காருக்கு நடுவுல ரிவர்ஸ்ல கொண்டுபோய் சொருகினார் பாருங்க, அவராலயே நம்ப முடியல, கைய விட்டுட்டுக் கைதட்டிட்டார்.

“கைய எடுக்காதீங்க!”ன்னு அந்தம்மா கத்தல. அதான் ஆச்சரியம். அவங்க ஸ்பீக்கர் பக்கம் காதச் சாச்சு உக்காந்திருந்தாங்க.

ம்ம்ம்வூஊஊ.

“இன்னொரு தரம் அந்த இடம்.”

வயர் பின்னாடி தள்ளிப் போட்டா.

“கேக்குதா? ரெண்டு சத்தம் ஒண்ணோடொண்ணு ஒரசுது, நடுவுல அலை மாதிரி ஒண்ணு வருது பாரு. அந்த வாத்துக்காக ரெண்டு கீபோர்டுலயும் சுருதிய ஒரு முடி அளவுக்குத் தள்ளித் தள்ளி வெச்சேன். அப்பல்லாம் இப்படிப் பட்டனத் தட்டினா வாத்து வராதும்மா, ஒவ்வொரு குமிழாத் திருகித் திருகிச் செய்யணும். சாப்பிடாமக்கூட உக்காந்து செஞ்சேன். படத்துல அது ‘க்வாக்’னு போயிடும். டைரக்டர், ‘ஒரு நிஜ வாத்தையே புடிச்சுட்டு வந்திருக்கலாமே’ன்னார்.” அவங்க குரல் லேசா மாறுச்சு. “உள்ள இவ்வளவு இருக்குன்னு எனக்கே இன்னிக்குத்தான் கேக்குது.”

வயர் அப்பவும் விடல, ஆனா மெதுவாச் சொன்னா. “மேடம், நான் பத்தாவது படிக்கும்போது எனக்குன்னு யாருமே இல்லாத மாதிரி இருந்துச்சு. அப்ப இது இருந்துச்சு. அவ்வளவுதான்.”

அந்தம்மா திரும்பிப் பாத்தாங்க. சிரிக்கல.

“சரி, போட்டுக்கோ. ஒரு பக்கம் என் வாத்து, இன்னொரு பக்கம் உன் நிலா.”

“மேடம்!”

“கத்தாத, டாக்டர் பயந்துடுவார். ஒரே ஒரு கண்டிஷன். நிலாவுக்குக் கீழ இசைன்னு என் பேரு வரக்கூடாது.”

“ஏன் மேடம்? வெரலு உங்களோடது, சத்தம் உங்களோடது.”

“நான் போட்டது வாத்து. நிலாவ நான் போடல. நல்லா இருக்குன்னதும் ஓடிப்போய் ஒட்டிக்க நான் ஆளில்ல. யாரு போட்டாங்களோ அவங்க பேரப் போடு.”

“அது யாருன்னு எப்படி மேடம்...”

“அது உன் தலவலி. டாக்டர், வண்டிய எடுங்க.”

வயர் அச்சகத்துக்குப் பறந்துட்டுத்தான் வந்தா. மாமாவப் புடிச்சு ரெண்டு சுத்து சுத்தினா. வாத்தப் போட்டுக் காமிச்சதும் அவர் பேப்பர் பண்டல் மேலயே உக்காந்துட்டார், வயித்தப் புடிச்சுக்கிட்டு. குரூப்புல சொன்னா ஒரே ரணகளம். நீர்மூழ்கிக் கப்பல்காரன் கோவிச்சுட்டு வெளிய போயி, சாயங்காலமே திரும்பி வந்து, ‘அந்த வாத்த இன்னொருவாட்டி அனுப்புங்கப்பா’ன்னான்.

இப்ப எல்லாம் ரெடி. வாத்து இருக்கற பக்கத்துல அந்தம்மா பேரு கொட்டை எழுத்துல இருக்கு. நிலா பக்கம் ‘இசை’ன்னு போட்டு, பக்கத்துல வெறும் எடம். சுவிட்ச மாத்த மறந்தானே அந்த ஊரு பேரு தெரியாத ஆளு, ‘மறதிக்காரர்’னு அவனப் போடுங்கறார் மாமா. ‘மறந்தவனுக்கெல்லாம் பட்டமா? அப்படின்னா உங்க பேருல நாலு ரெக்கார்டு வரணும்’ங்கறா அக்கா. டேப் மிஷின் பேரப் போடலாம்னு குரூப்புல பாதிப் பேரு. இத்தன வருஷம் கேட்டுக் கேட்டு நிலாவா ஆக்கினது நாமதான, நம்ம பேரையே போடுவோம்னு மீதிப் பேரு. வயருக்கோ, அந்தம்மா என்ன சொன்னாலும் சரி, நிலாவும் அவங்களோடதுதான்னு மனசு அடிச்சுக்குது. ஆனா குடுத்த வாக்க மீறவும் முடியாது. எடத்த அப்படியே வெறுமையா விட்டுடலாமான்னும் ஒரு யோசனை ஓடுது. பிரிண்டுக்குப் போகணும், மாமா மிஷினுக்குப் பக்கத்துல நின்னுட்டு ‘என்னம்மா, என்னம்மா’ன்னு அரிக்கறார். நீங்களே சொல்லுங்களேன், ரெண்டையும் கேட்டவங்க மாதிரி யோசிச்சுச் சொல்லுங்க, அந்த எடத்துல யாரு பேரப் போடலாம்?