நாற்பத்து நான்காவது தொப்பி

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தும் தெருவில் அவருக்குப் பெயர் தொப்பிக்காரர்தான். சம்பாத்தியத்தையெல்லாம் பனிமலையில் போரிடும் மலைப்படையின் பழைய தொப்பிகளில் கொட்டிய மனிதர். இறகு செருகியது, காதுமடல் தொங்குவது, பனிப்பூச் சின்னம் குத்தியது என்று நாற்பத்து மூன்று தொப்பிகள் முன்னறை அலமாரியில் இருந்தன. தலைகள் எங்கே போயினவோ, யார் கண்டார்கள்!

நூறு வருடத்துக் கம்பளிக்கு எதிரி துப்பாக்கிக் குண்டல்ல, அந்துப்பூச்சி. அதனால் எந்தத் தொப்பி புதிதாக வந்தாலும் பையில் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் போட்டுவிடுவார். பூச்சிமுட்டை இருந்தால் செத்துப்போகும். "எதைக் குழம்புல போடறது, எதைத் தலைல போடறதுன்னு எழுதி ஒட்டிடுங்க" என்று மனைவி கேலி செய்வாள்.

அதெல்லாம் வீட்டில் பேச்சு இருந்த காலம்.

ஒரே மகன். அந்தத் தொப்பிகளை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் விறைப்பாக நின்றே வளர்ந்தவன், நிஜமான மலைப்படையிலேயே போய்ச் சேர்ந்தான். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "உங்க அலமாரிதான் என் பிள்ளையை இழுத்துட்டுப் போகுது" என்று அம்மா மட்டும் அழுதாள். போன மாதம் பனிச்சரிவில் புதைந்தவனை ஒன்பதாம் நாள்தான் தோண்டி எடுத்தார்கள். அன்றிலிருந்து அவள் கணவரோடு பேசவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டினால்கூடத் தேவலை என்று அவர் ஏங்கினார். அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் போதும் என்றிருந்தது.

இன்று காலை அவள் காய்கறிக் கடைக்குப் போயிருந்த நேரத்தில் படையிலிருந்து மகனின் சாமான் பெட்டி வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே அவன் தொப்பி. உள்பட்டையில் அவன் பெயர், அதைச் சுற்றி வியர்வைக் கறை. அவர் அதில் முகம் புதைத்து வாய்விட்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். யார் யாருடைய தொப்பியையோ பார்த்துப் பார்த்துக் காப்பாற்றியவர், இதைப் பூச்சிக்கு விட்டுவிடுவாரா? ஒரு நூல்கூடப் போகக் கூடாது. பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்துவிட்டு, அலமாரியின் நடுத்தட்டை ஒழிக்கப் போனார்.

மனைவி எப்போது திரும்பினாள் என்று அவருக்குத் தெரியாது. ஃப்ரீசர் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் கேட்கவில்லை.

ஓடிப்போய்ப் பார்த்தார். பை கிழிந்து கிடந்தது. விறைத்துப்போன தொப்பியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"பூச்சி அரிச்சுடுமேன்னுதான்மா…"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒம்பது நாள் பனிக்குள்ள கிடந்தான். வீட்டுக்கு வந்தப்புறமும் அவனை அங்கயேதான் வைப்பீங்களா?"

ஒரு மாதம் கழித்து அவரிடம் அவள் பேசிய பேச்சு அது. அவர் பக்கத்தில் உட்காரப் போனார். அவள் நகர்ந்து சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, தொப்பிக்குள் வாயை வைத்து, சூடு ஏறட்டும் என்று ஊதத் தொடங்கினாள்.