ஒரே அளவுத் துணி

துக்கத் துணி வெட்டி விற்கும் பெங் கிழவருக்கு உயிரோடு இருக்கிற யார் மேலும் நம்பிக்கை கிடையாது. மத்தியானம் தேநீர்க் கடையில் காவலன் லோவைப் பிடித்துக்கொண்டார்.

"ஒருத்தன் நேத்து முன்னூறு துண்டு வெள்ளைத் துணி வாங்கிட்டுப் போனான், லோ. களவாணிப் பய."

"சாவுக்குத் துணி வாங்குறதும் களவா, பெரியவரே?"

"அறிவிருக்காய்யா உனக்கு? செத்தவரோட மகனுக்குக் கால் வரைக்கும் துணி. பேரனுக்கு இடுப்புக்கு. தூரத்துச் சொந்தத்துக்குத் தலையில ஒரு துண்டு. அவன் வாங்கினது அத்தனையும் ஒரே முழம். முன்னூறு பேரும் பொணத்துக்கு ஒரே மொறையா? பின்னாலயே போய்ப் பாத்தேன். உப்புத் துறை ஓரத்து வீடு. சவப்பெட்டியும் இல்ல, அழுகையும் இல்ல. உள்ள சிரிக்கிறானுங்க. நீ போய்ச் சோதனை போடு."

லோவின் கையிலிருந்த பணியாரம் பாதி வழியில் நின்றது. கிழவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவர் கடைக்கே வந்தான். கதவுப் பலகைகளைச் சாத்தினான்.

"வேற யார்கிட்ட சொன்னீங்க?"

"உன்கிட்டதான். எதுக்குய்யா கதவை அடைக்கிற?"

"அந்தத் துணி சாவுக்கு இல்ல, எடது கையில கட்டுறதுக்கு. நாளன்னைக்கு பீரங்கி வெடிச்சதும் பாளையத்துச் சிப்பாய்ங்க அதைக் கட்டிக்கிட்டு ஆளுநர் மாளிகைக்குள்ள நொழையப் போறாங்க. நம்மள ஆளுற மஞ்சு வம்சத்து ராஜாங்கத்தையே கவுக்க."

கிழவர் துணி மூட்டை மேல் தொப்பென்று உட்கார்ந்தார். பாளையம். அவருடைய ஒரே மகன் ஷௌயி அங்கேதான் சிப்பாய். போன மாதம் வந்தவன், "ஏம்ப்பா, ஒரு முழம் இருந்தா கையில கட்டப் போதுமா?" என்று கேட்டுச் சிரித்தான். அபசகுனமாகப் பேசாதே என்று அவனைத் துரத்திவிட்டார்.

வீட்டை அடையாளம் காட்டியாயிற்று. அதுவும் காவலனிடம். பெற்ற பிள்ளையின் கழுத்தைத் தன் வாயாலேயே வெட்டுமேடையில் வைத்தாயிற்று.

"லோ... நான் பாத்தது தப்புய்யா. அந்த வீட்ல பொணம் இருந்துச்சு. கிழவன் பொணம். என் கண்ணு சரியில்ல. என்னை வேணா பிடிச்சுக்கிட்டுப் போ."

லோ இடது சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினான்.

உள்ளே வெள்ளைத் துணி.

பொறி வைக்கிறான் என்றுதான் கிழவர் முதலில் நினைத்தார். வெள்ளைத் துணி எந்தக் கடையிலும் கிடைக்கும். குனிந்து அதன் ஓரத்தைப் பார்த்தார். நடுவில் அரிசி அளவுக்கு ஒரு பிசிறு. அவருடைய கத்தரிக்கோல் அலகிலுள்ள மூளி வெட்டாமல் விட்ட இடம். ஊரில் வேறு எந்தக் கத்தரிக்கும் அது கிடையாது.

"இதைக் கட்டிவிட்டது யாரு?"

"உங்க மகன்தான். நேத்து சாயங்காலம். எங்கப்பா வெட்டினதுன்னு பெருமை வேற."

கிழவர் எழுந்து கத்தரிக்கோலைத் தேடி எடுத்தார்.

"முடிச்சு தளர்ந்திருக்கு. வேற துண்டு தர்றேன், இரு," என்றார். துணியை அளக்கப் போனவருக்கு ஒரு முழம் எவ்வளவு என்பதே மறந்துபோயிருந்தது.